விளையாட்டுச் சுட்டிக்கு விலை கொடுக்கலாமா?

மட்டக்களப்பு நாட்டில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிப் போர்த்தேங்காய் அடிப்பது பழைய வழக்கம். தேங்காயோடு தேங்காய் மோதும். உடைந்த பக்கம் தோற்ற பக்கம். அந்த ஆட்டத்தில் ஆளின் திறமையினும் காயின் ஓடே பெரிது. ஆகையால் ஓடு தடித்த காயைத் தேடிப் பிடித்து, கறிக்கு வாங்கும் காயைப் போலப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவர். அப்படி வாங்கியவரை ஊதாரி என்று எவரும் ஏசுவதில்லை. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறியிலும் இதே கதைதான். வடசேரியாரும் தென்சேரியாரும் கயிறு பிடித்து இழுக்கும் வலிமை ஒருபுறமிருக்க, எந்த மரத்திலிருந்து எந்தக் கொம்பை வெட்டி வந்தார்கள் என்பதும் வெற்றியை நிர்ணயிக்கும்.

கருவியே வென்று கொடுக்கும் விளையாட்டுகள் இவை. கருவி வெறுமனே கைக்கு உதவியாக இருக்கும் விளையாட்டுகளும் உலகில் உண்டு. இக்காலத்துப் பிள்ளைகள் தகப்பன்மாரிடம் கேட்டு நச்சரிக்கும் ‘கேமிங் மௌஸ்’ இவ்விரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது? பாடப்புத்தகம் ‘சுட்டி’ என்று சொல்லும் அச்சிறு சாதனத்துக்கு ஒரு குடும்பம் எவ்வளவு பணம் கொடுக்கலாம்? இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

ஆராய்ச்சியைக் கொழும்பிலே குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு நடத்தினால் ஒரு விடை வரும். கதிரவெளியில் இருந்து நடத்தினால் வேறொரு விடை வரும். வாகரைக்கு வடக்கே, வெருகலுக்குத் தெற்கே, கடலோரமாக அமைந்த ஊர் கதிரவெளி. கடற்றொழிலும் வேளாண்மையுமே அங்கு பிழைப்பு. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2006 இன் இறுதியில் யுத்தம் மக்களைப் பெயர்த்தது. 2007 இல் திரும்பி வந்து மீண்டும் கூரை போட்டார்கள். இப்படி இரண்டு முறை வெறுங்கையோடு தொடங்கிய வீடுகளில் ஒரு கணினி வந்து சேர்கிறதென்றால், அதன் பின்னே எத்தனை நாள் உழைப்பு இருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாலே, மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ள வீடுகள் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்றுதான்.

அத்தகைய ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். தகப்பனார் கடலுக்குப் போகிறவர். மூத்த மகள் உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிறாள். அவளுக்காகவே கைமாறிய கணினி ஒன்று வாங்கப்பட்டது. இளைய மகன் அவள் எழுந்த பிறகு நாற்காலியில் அமர்ந்து, துப்பாக்கி ஏந்திச் சுடும் விளையாட்டொன்றை ஆடுகிறான், அடிக்கடி தோற்கிறான்.

“அப்பா, இந்த மௌஸாலதான் நான் தோற்கிறன். நல்லதொண்டு வாங்கித் தாங்க.”

“என்ன மனே, இந்தச் சாமானுக்கா இவ்வளவு காசு? வலை பொத்துறதுக்கு நூல் வாங்கவே வழியில்ல.”

தகப்பனார் கேட்பதிலும் நியாயம் உண்டு. சாதாரணச் சுட்டியொன்று ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்குக் கிடைக்கும். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டவற்றில் எளிய வகை ஆறாயிரம், ஏழாயிரத்தில் தொடங்குகிறது. போட்டியாளர் கையில் காணப்படும் பெயர்பெற்ற வகைகளோ முப்பதாயிரத்தைத் தாண்டும். நாட்டின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மனிதனின் ஒரு மாதம், ஒரு பிள்ளையின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது! இவை யாவும் இறக்குமதிப் பொருள்கள். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், அவ்வாண்டு மே மாதத்திலேயே 360 ஐ எட்டியபோது, இவற்றின் விலையும் கூடவே ஏறியது. பிறகு டொலர் ஓரளவு இறங்கிற்று; ஆனால் பழைய விலைக்கு இவை இறங்கி வரவில்லை.

மகன் கேட்பதையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிடலாகாது. சுட்டியால் தோற்க முடியுமா? முடியும். எப்போது முடியும் என்பதை அறிவதற்கு, அது வேலை செய்யும் விதத்தைச் சற்று அறிய வேண்டும்.

மரக்கட்டையில் பிறந்த எலி

சுட்டியைக் கற்பனை செய்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் டக்ளஸ் எங்கல்பார்ட். ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 1964 இல் அவருடைய சகா பில் இங்கிலிஷ் அதன் முதல் உருவைச் செய்தார். மரக்கட்டை ஒன்று, அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரேயொரு பொத்தான். வாலைப் போல ஒரு கம்பி. அதனால்தான் எலி என்ற பெயர் வந்தது. 1968 டிசெம்பர் 9 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மகாநாட்டின் முன்னிலையில் எங்கல்பார்ட் அதை இயக்கிக் காட்டினார். எழுத்துகளைத் திருத்தவும், அறிஞர்கள் கூடி வேலை செய்யவும் அது பயன்படும் என்பதே அவர் எண்ணம். விளையாட்டைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. 1970 இல் காப்புரிமை கிடைத்தும், உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற அப்பொருளுக்காக அவருக்கு உரிமைப் பங்காக ஒரு சதமும் வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

விளையாட்டுக்கென்றே தனிச் சுட்டி வந்தது 1999 இல். ரேசர் என்னும் பெயரில் வெளிவந்த அதற்கு ‘பூம்ஸ்லாங்’ என்று ஓர் ஆபிரிக்கப் பாம்பின் பெயரைச் சூட்டினார்கள். எலிக்குப் பாம்பின் பெயர் வைத்த அந்த வணிகரின் நகைச்சுவையை நாம் மெச்சவே வேண்டும். அதே ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அடியில் உருண்டை இல்லாத, ஒளியால் இயங்கும் சுட்டியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. இன்றைய சுட்டிகள் அனைத்தும் இவ்வழி வந்தவையே. அடியில் ஒரு சிறு விளக்கும், ஒரு சிறு கமராவும் இருக்கும். மேசைப் பரப்பைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்திய படத்தோடு பிந்திய படத்தை ஒப்பிட்டு, கை எவ்வளவு தூரம் எப்பக்கம் நகர்ந்தது என்று அது கணக்கிடுகிறது. கையை மிக விரைவாக வீசினால் மலிந்த கமரா ஒரு படத்தோடு மறுபடத்தைப் பொருத்த முடியாமல் தடுமாறிவிடும். சுடும் விளையாட்டில் எதிரி முதுகுப்புறம் தோன்றும்போது கை அப்படித்தான் வீசும். மகன் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவே.

எண்ணும் வலைக்கண்ணும்

கடைக்காரர் இந்த உண்மையோடு நிற்பதில்லை. பெட்டியின் மேல் பெரிய எண் ஒன்று அச்சிட்டிருக்கும்: 12,000, 16,000, 25,600. இது ‘டி.பி.ஐ.’ எனப்படும் அளவு. சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் குறி எத்தனை புள்ளி நகரும் என்பதே அதன் பொருள். எண் பெரிதானால் சுட்டியும் சிறந்ததென்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கதிரவெளித் தகப்பனாருக்கு இதை விளக்க நாம் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. வலைக்கண் சிறுத்துக்கொண்டே போனால் மீன் கூடுமா? ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் பாசியும் பொடியும் குப்பையுமே ஏறும். பிடிக்க நினைக்கும் மீனுக்கு ஏற்ற கண்ணே நல்ல கண்.

கணக்கும் அதையே சொல்லும். சாதாரணத் திரையின் அகலம் 1,920 புள்ளி. 25,600 டி.பி.ஐ. வைத்தால், சுட்டியை இரண்டு மில்லிமீற்றர் அசைத்தவுடனே குறி திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாய்ந்துவிடும். தும்மினாலே இலக்குத் தப்பும்! 800 வைத்தால் அதே தூரத்துக்கு ஆறு சென்றிமீற்றர் கை நகர வேண்டும். குறி நிதானமாக நிற்கும். உலகப் போட்டிகளில் சுடும் விளையாட்டு ஆடுவோருள் மிகப் பலர் 400 இலோ 800 இலோதான் வைத்து ஆடுகின்றனர். அந்த அளவை மிக மலிவான சுட்டியும் தரும்.

இரண்டாவது எண், சுட்டி கணினிக்குச் செக்கனுக்கு எத்தனை முறை செய்தி அனுப்புகிறது என்பது. சாதாரணச் சுட்டி 125 முறை. அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. விளையாட்டுச் சுட்டி 1,000 முறை. 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. ஆகவே முப்பதாயிரம் ரூபா கொடுத்து நாம் வாங்கும் வேகம், மிகுதியாகப் போனால் ஏழு மில்லிசெக்கன். செக்கனில் ஆயிரத்தில் ஏழு பங்கு.

அந்த ஏழு எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம். கண் எதிரியைக் கண்டு விரல் அழுத்துவதற்குள் இளைஞருக்கும் 200 மில்லிசெக்கன் அளவு கழியும். திரை செக்கனுக்கு 60 படம் காட்டுவதானால் ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே ஏறக்குறைய 17 மில்லிசெக்கன். கைமாறி வந்த பழைய கணினி 30 படமே வரைய வல்லதானால் இடைவெளி 33 ஆகும். இது வீட்டுக்குள் நடப்பது. வீட்டுக்கு வெளியே நடப்பது இன்னும் வேடிக்கையானது.

மகன் ஆடும் விளையாட்டை நடத்தும் வழங்கிக் கணினி சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. கதிரவெளியின் கடலும் கிழக்கே இருக்கிறது. ஆயினும் செய்தி கிழக்கே புறப்படுவதில்லை. இலங்கையை வெளியுலகோடு இணைக்கும் கடலடிக் கம்பிகள் கொழும்பு, கல்கிசை, மாத்தறைக் கரைகளிலேயே ஏறுகின்றன. ஆகவே பையன் பொத்தானை அழுத்தியதும் அந்தச் செய்தி முதலில் கோபுரம் தாவித் தீவின் மறுகரைக்குப் போய், அங்கிருந்தே கடலில் இறங்க வேண்டும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். போய்வர 27 மில்லிசெக்கன் ஆகும். எத்தனை பணம் கொட்டினாலும் இயற்கை இதைக் குறைத்துத் தராது. கம்பி நேராகப் போவதுமில்லை. கைத்தொலைபேசிக் கோபுரத்தில் மாலை நேர நெரிசல் சேர்ந்தால் இந்த 27 நூறாகவும் இருநூறாகவும் ஏறும்; மழை நாளில் நடுவே அறுந்தும் போகும். இத்தனைக்கும் நடுவே அந்த ஏழு மில்லிசெக்கன், வாவியில் விழுந்த மழைத்துளி.

குரங்கும் எலியும்

இணையம் இருக்கட்டும், மின்சாரம் முதலில் வேண்டுமே. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலைமை சீரடைந்த பின்னரும், 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, தீவு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்துள் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னதைக் கேட்டு உலகமே சிரித்தது. ஒரு குரங்கு தீவையே நிறுத்தக்கூடிய இடத்தில் எலியின் வேகத்தைப் பற்றி நாம் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்!

தொடர்பு அறுவது பெரிய போட்டிகளிலும் நடந்ததுண்டு. 2020 ஆகஸ்ட் 30 இல் இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. விஸ்வநாதன் ஆனந்த் இடம்பெற்ற இந்திய அணியில், ஆட்டத்தின் நடுவே இணையம் அறுந்ததால் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் என்னும் இரு இளம் ஆட்டக்காரர் நேரம் கடந்து தோற்றதாகக் கணக்காயிற்று. பின்னர் உலகச் சதுரங்கச் சம்மேளனம் விசாரித்து, இரு நாட்டுக்கும் பொதுவாகத் தங்கத்தை வழங்கியது. அந்த நெருக்கடியில் உலகின் விலையுயர்ந்த சுட்டியும் ஒரு காயைக்கூட நகர்த்தியிராது.

சதுரங்கத்தை நாம் விளையாட்டு என்ற கணக்கிலேயே சேர்க்கிறோம். 2022 பெப்ரவரியில் சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா, பதினாறு வயதில், உலக வாகையர் மக்னஸ் கார்ல்சனை வென்றது எயார்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்னும் இணையவழிப் போட்டியில். பலகை திரையில், காயை நகர்த்தியது சுட்டி. அதற்கு வேண்டியது கை வழுக்காத ஒரு சாதாரணச் சுட்டி, அவ்வளவே. 2018 இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழாவின் காட்சிப் போட்டியாக மின்விளையாட்டு நடந்தபோது இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தவர் குஜராத்தின் பூஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா. அவர் ஆடியது ‘ஹார்த்ஸ்டோன்’ என்னும் சீட்டு விளையாட்டு. அங்கும் வேண்டியது யோசனை, கைவேகம் அன்று. 2023 இல் ஹாங்சோ விழாவில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கப்பட்டது. அவற்றுட் சில கைத்தொலைபேசியில் ஆடுபவை. நம் பகுதி இளைஞரில் பெரும்பாலார் ஆடுவதும் கைத்தொலைபேசியில்தான். அவர்களுக்குச் சுட்டியே தேவையில்லை.

அப்படியாயின் விளையாட்டுச் சுட்டி வீண் செலவு என்பதுதானா நம் முடிவு? விலையுயர்ந்த வகையைப் பற்றிக் கேட்டால், ஆம். கதிரவெளி வீட்டுக்கு அது வீணே. அப்பணத்தில் முதலில் பழைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. என்னும் விரைவுச் சேமிப்பகம் ஒன்று போடட்டும், நினைவகத்தைக் கூட்டட்டும், மின்சாரம் போனால் சில நிமிடம் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்று வைக்கட்டும். அக்காவின் ஒப்படையும் தம்பியின் ஆட்டமும் ஒருங்கே பிழைக்கும். இவை யாவும் நிறைந்து, தொடர்பும் ஒழுங்காகி, பையன் உண்மையிலேயே போட்டிகளில் இறங்கும் நிலையும் வந்தால், அன்று பார்த்துக்கொள்ளலாம்.

எளிய வகையைக் குறித்து நம் கருத்து வேறு. ஆறேழாயிரம் ரூபாவில் லொஜிடெக் போன்ற பெயருள்ள நிறுவனம் செய்த, கம்பியுள்ள விளையாட்டுச் சுட்டி ஒன்று, பழையது பழுதாகிப் புதியது வாங்கத்தான் வேண்டும் என்ற நிலையில் நல்ல கொள்முதலே. அதன் கமரா தடுமாறாது. பொத்தான் நெடுநாள் உழைக்கும். நாள் முழுதும் வரைபடம் வரைகிறவர்க்கும் கணக்கெழுதுகிறவர்க்கும் கை நோவு குறையும். ஆனால் ‘கேமிங்’ என்று பெரிதாக எழுதி, ஏழு வர்ண விளக்கு மின்ன, இரண்டாயிரம் ரூபாவுக்கு விற்கப்படுகின்றவற்றைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றுட் பலவற்றில் உள்ளே இருப்பது சாதாரணச் சுட்டியின் கமராவே. பெட்டியில் உள்ள பெரிய எண், ஒரு புள்ளியைப் பலவாகப் பெருக்கிக் காட்டும் கணக்கு வித்தை. காசு கொடுப்பது விளக்குக்குத்தான்.

வாங்குமுன் செலவில்லாத ஒரு வேலை உண்டு. விண்டோஸில் சுட்டிக்கான அமைப்பைத் திறந்தால், குறியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு தெரிவு ‘சரி’ போட்டபடி இருக்கும். பெயர் துல்லியமே தவிர, அது செய்வது கையின் வேகத்துக்கேற்பக் குறியின் தூரத்தை மாற்றுவது. இன்று பழகிய தூரம் நாளைக்குப் பொருந்தாது. அதை நீக்கிவிட்டு, ஒரு புத்தகத்தின் ஓரத்தில் சுட்டியை ஒட்டி வைத்து, வேகமாக ஒரு முழம் இழுத்து, மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் ஒட்டுங்கள். இழுக்கும்போது குறி திரையின் ஓரத்தில் முட்டாதபடி வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். குறி புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் உங்கள் சுட்டியில் குறையில்லை. ஆட்டத்தில் குறை வேறெங்கோ இருக்கிறது. குறி வெகுதூரம் விலகி நின்றால் பிள்ளை சொன்னது மெய். கண்ணாடி மேசையிலும் மினுக்கம் ஏறிய மேசையிலும் கமரா தடுமாறுவது இயல்பு. அடியில் ஒரு துணி விரிப்பு இட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புக் கூற வேண்டும்.

கரையோரத்து வீட்டுக்கு இன்னும் சில கவனம் வேண்டும். பக்கங்களில் மெதுமெதுவென்று இறப்பர் பூசிய சுட்டி கடையில் அழகாக இருக்கும். நம் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் சில காலத்தில் அப்பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே மேல். ஒரு கைக்கென்றே வளைத்துச் செய்தவற்றை இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து அழவைக்கக் கூடாது. ஒரே சுட்டியைப் பலர் பிடிக்கும் வீட்டில், கடைக்குப் போகும்போது அக்காவையும் கூட அழைத்துச் செல்வது நல்லது. அவள் கைக்கும் அது அடங்க வேண்டும்.

உப்புக் காற்றால் பொத்தானின் உள்ளே உள்ள செம்புத் தகடு களிம்பேறி, ஒருமுறை அழுத்தினால் இருமுறை சொடுக்கும் நோய் கண்டால், சுட்டியையே எறிந்துவிட வேண்டியதில்லை. அந்தப் பொத்தானின் சிறு ஆளி தனியே விற்கப்படுகிறது, விலை சொற்பம். கைத்தொலைபேசி திருத்தும் கடையில் ஈயம் பற்றவைக்கத் தெரிந்த எவரும் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தித் தருவார். திருத்தக் கொடுக்கும்போது, அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குத் தாள்களைக் கிழிக்காமல் உரிக்கச் சொல்லுங்கள். திருகாணிகள் பெரும்பாலும் அவற்றின் கீழேதான் ஒளிந்திருக்கும்.